செரமிக் கரியடுப்போ பெலற் ஸ்மோக்கரோ? உப்புக்காத்துக்கு எது நிக்கும்?

உப்புவெளி_ஆறறை

எல்லாருக்கும் வணக்கம். நானும் மனிசியும் திருகோணமலை உப்புவெளியில ஆறு அறையோட சின்ன விருந்தினர் விடுதி ஒண்டு நடத்துறம். எங்கட படலையில இருந்து கடல் ஒரு 200 மீற்றர். மே மாதத்தில இருந்து செப்ரெம்பர் வரைக்கும்தான் ஆக்கள் வருவினம். வெள்ளி, சனி இரவில 15, 20 பேருக்குச் சாப்பாடு. இதுவரைக்கும் எண்ணெய்ப் பீப்பாயைப் பாதியா வெட்டிக் கம்பி போட்டுத்தான் மீனும் கோழியும் சுட்டுக்கொண்டு வந்தம். இந்த முறை மெல்லிய சூட்டில, புகையில, மணிக்கணக்கா வேகிற இறைச்சி குடுக்க வேணும் எண்டு ஆசை.

ரொறன்ரோவில இருக்கிற மச்சான் கப்பல்ல ஒண்டு அனுப்பிறன், எது வேணும் எண்டு சொல்லு எண்டார். ஒண்டு முட்டை வடிவத்தில வாற செரமிக் கரியடுப்பு. மற்றது கரண்டில ஓடுற பெலற் ஸ்மோக்கர். மச்சான் தான் வச்சிருக்கிறது பெலற். இரவு இறைச்சியை வச்சிட்டு நித்திரைக்குப் போறார், விடிய எழும்பிப் பாத்தா வெந்திருக்கு. எனக்கு அதுதான் பெரிய விஷயம். விடிய நாலரைக்கு மீன் எடுக்க ஓடுற ஆள் நான், இரவு முழுக்க நெருப்புக்குக் காவல் இருக்க ஏலாது. அதால மனம் பெலற் பக்கம்தான் சாயுது.

திருகோணமலையில ஆராவது இதுகளில ஒண்டைப் பாவிச்சிருந்தா குறையையும் சேர்த்துச் சொல்லுங்கோ. ரெண்டும் மலிவான சாமான் இல்லை, பிழையா எடுத்துப்போட்டுத் திருப்பி அனுப்பவும் ஏலாது.

ஸ்காபரோ_மாமரம்

தம்பி, நான் லிங்கநகர் ஆள், இப்ப கனடாவில ஸ்காபரோ. பெலற் ஸ்மோக்கர் நாலு வருஷமா வீட்டுக்குப் பின்னால நிக்குது. மச்சான் சொன்னது உண்மை. பக்கத்தில ஒரு பெட்டி, அதுக்குள்ள மரத்தூளை அமத்திச் செய்த 6 மில்லிமீற்றர் தடிப்புக் குச்சிகள். அதைத்தான் பெலற் எண்டு சொல்லுறது. பெட்டிக்கு அடியில திருகாணி மாதிரி ஒரு தண்டு சுத்திச் சுத்திக் குச்சிகளை நடுவில இருக்கிற நெருப்புக் கிண்ணத்துக்குத் தள்ளும். ஒரு கம்பி சூடாகிப் பத்த வைக்கும், ஃபான் காத்து ஊதும். உள்ளுக்குள்ள சூட்டை அளக்கிற கோல் ஒண்டு இருக்கு. 110 பாகை செல்சியஸ் எண்டு வச்சா, குறையேக்க கூடக் குச்சி தள்ளும், கூடேக்க நிப்பாட்டும். அமெரிக்காவில ஒறிகன் மாநிலத்தில 1980களில ட்றேகர் குடும்பம் தொடங்கி வச்ச வேலை இது.

மாட்டு நெஞ்சிறைச்சி வச்ச ஆக்களுக்குத் தெரியும். உள்சூடு 65, 70 பாகைக்கு வந்தவுடன அப்பிடியே நிண்டிடும். ஈரம் ஆவியாகி இறைச்சியைக் குளிரப் பண்ணிக்கொண்டே இருக்கும், சில நேரம் மூண்டு நாலு மணித்தியாலம் ஒரு பாகைகூட ஏறாது. அந்த நேரம் கைய வச்சுக் குழப்பாமல் சூட்டை ஒரே நிலையில பிடிச்சிருக்கிறதுதான் கெட்டித்தனம். அதை இந்த மிசின் செய்யும். மாசி மாதப் பனிக்குள்ளயும் செய்து காட்டியிருக்கு.

குறை கேட்டீங்கள். புகை மணம் கரியடுப்பை விடக் குறைவு. குச்சி சுத்தமா எரியிறதால அப்பிடி. மற்றது, 230, 250 பாகைக்கு மேல போறது கஷ்டம், அதால மீன் தோலை மொறுமொறுவெண்டு எடுக்க வராது.

சீனக்குடா_வயர்மன்

கரண்ட் பக்கத்தை ஒருத்தரும் கதைக்கேல்லை, அதால நான் எழுதுறன். கனடாச் சாமான் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். எங்கட 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஹேர்ட்ஸ் எண்டா கரண்ட் ஒரு செக்கனுக்கு எத்தனை தரம் அலையுது எண்ட கணக்கு. வோல்ட்டைக் குறைக்கத் திரான்ஸ்போமர் போடலாம். பத்த வைக்கிற கம்பி முதல் சில நிமிஷத்துக்கு ஒரு 300 வாட்ஸ் இழுக்கும், அதால 500 வாட்ஸ் தாங்கிற திரான்ஸ்போமர் எடுத்தாப் போதும். ஆனால் ஹேர்ட்ஸைத் திரான்ஸ்போமர் மாத்தாது. தண்டைச் சுத்துற மோட்டர் ஏசி மோட்டரா இருந்தா இங்க ஆறில ஒரு பங்கு மெதுவாச் சுத்தும். ஃபானும் அப்பிடித்தான். குச்சி குறைவா விழும், காத்தும் குறையும். சூட்டைக் கட்டுப்படுத்துற மின்பலகை, அதுதான் போட், அதைச் சரிக்கட்டப் பாக்கும், எல்லாப் போட்டும் சரிக்கட்டும் எண்டு நம்பி இருக்க வேண்டாம். புது மொடல் சிலதில டிசி மோட்டர் வருது, அதுகளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. மச்சானிட்டச் சொல்லி மோட்டரில ஒட்டியிருக்கிற தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ.

அடுத்தது கரண்ட் போறது. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினவங்கள், மறந்திருக்க மாட்டீங்கள். அது போகட்டும், 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க ஒரேயடியா நிண்டது. வேலைக்கு நடுவில ஃபானும் தண்டும் நிண்டா, கிண்ணத்தில கிடக்கிற தணல் குச்சி வழியா மெல்ல மெல்லப் பின்னால பெட்டிப் பக்கம் ஊர வாய்ப்பிருக்கு. கரண்ட் வந்தவுடனயும் கண்ணை மூடிக்கொண்டு சுவிச்சைப் போடக்கூடாது. கிண்ணத்தைத் திறந்து, அளவுக்கு மிஞ்சிக் குச்சி குவிஞ்சிருந்தா அள்ளிப்போட்டுத்தான் போட வேணும். ஓடத் தொடங்கினாப் பிறகு கரண்ட் அவ்வளவா இழுக்காது, 100 வாட்ஸுக்குள்ளதான். சின்ன இன்வேட்டர் ஒண்டோட வச்சா சமாளிக்கலாம்.

உப்புவெளி_ஆறறை

நன்றி அண்ணை. ஹேர்ட்ஸ் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. மச்சானிட்டக் கேட்டிருக்கிறன்.

நிலாவெளி_கச்சான்

நான் இந்தக் கரையில ஒரு ஹொட்டல் குசினியில வேலை செய்தனான், பேர் வேண்டாம். அங்க 230 வோல்ட் பெலற் ஸ்மோக்கர் ஒண்டு ரெண்டு சீசன் ஓடினது. முதல் சீசனில எல்லாருக்கும் சந்தோஷம். ஒக்டோபரில ஹொட்டலை மூடேக்க தறப்பாளால வடிவா மூடிக் கட்டி வச்சம். பெட்டிக்குள்ள கால்வாசி குச்சி கிடந்ததை ஒருத்தரும் யோசிக்கேல்லை.

மாரி முடிஞ்சு தை மாதக் கடைசியில திறந்தம். பெட்டி மூடியைத் தூக்கின உடன பழைய மரக்காலைக்குள்ள போன மாதிரி ஒரு புளிச்ச மணம். கையை விட்டா குச்சி இல்லை, ஈர மரத்தூள். மேல கிடந்ததை அள்ளியாச்சு. அடியில தண்டுக்குள்ள போனது ஊதிப் பெருத்து, காய்ஞ்சு, சீமெந்து மாதிரி இறுகிப்போச்சு. குச்சியைச் செய்யேக்க பசை ஒண்டும் போடுறேல்லை, மரத்தில இருக்கிற லிக்னின்தான் சூட்டில இளகிப் பிடிக்கிறது. ஈரம் பட்டா அந்தப் பிடி விட்டிடும். மோட்டரைக் கழட்டி, தண்டை மற்றப் பக்கத்தால இழுக்கப் பாத்தம், வரேல்லை. கடைசியில துளையிடுற மிசினில நீட்டு அலகு போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக் குடைஞ்சு எடுத்தம், ரெண்டு நாள் போச்சு. அதுக்குள்ள கிண்ணத்தின்ர அடித் தகடு கறள் பிடிச்சு விரல் வச்சா உதிருது. கோலின்ர வயரிலயும் பச்சை பூத்திருந்தது. கோலும் கம்பியும் வெளியில இருந்து எடுப்பிக்க ஏழு கிழமை. அந்த ஏழு கிழமையும் அது குசினிக்குப் பின்னால சும்மா நிண்டது.

இறைச்சி நல்லா வந்தது, அதில பொய் சொல்ல மாட்டன். ஆனால் கடற்கரையில தகடும் வயரும் நிக்க வேணுமெண்டா ஒரு ஆள் அதையே பாத்துக்கொண்டு இருக்க வேணும்.

ஸ்காபரோ_மாமரம்

தம்பி, குச்சியைப் பெட்டிக்குள்ள விட்டது பாவிச்ச ஆக்களின்ர பிழை. ஒவ்வொரு முறையும் சமைச்சு முடிய பெட்டியை வெறுமையாக்கி, மிச்சக் குச்சியை இறுக்க மூடுற வாளிக்குள்ள போட வேணும். நான் இங்கயே அப்பிடித்தான் செய்யிறனான்.

நிலாவெளி_கச்சான்

நீங்கள் சொல்லுறது சரி அண்ணை, பிழை எங்கட. ஆனால் யோசிச்சுப் பாருங்கோ. நவம்பர், டிசம்பரில இங்க உப்புப் போத்தலே தண்ணி விட்டிடும். வாளியைத் திறந்து மூடுற நேரத்துக்குள்ளயே குச்சி ஈரத்தை உறிஞ்சும். குச்சி வாங்கிற கடையும் பட்டணத்தில நான் இதுவரைக்கும் காணேல்லை. குளிர் நாட்டில வீட்டைச் சூடாக்கிற குச்சி ஆராவது அனுப்பினாலும் போட வேண்டாம். அது சாப்பாட்டுக்கெண்டு செய்யிறேல்லை, என்ன மரம், என்ன கலந்தது எண்டு தெரியாது.

ஈஸ்ட்ஹாம்_தம்பலகாமம்

பெலற்தான் வேணும் எண்டா ரொறன்ரோவை விடுங்கோ, லண்டனில இருந்து எடுப்பியுங்கோ. இங்க விக்கிறது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், பிளக்கும் உங்கட சதுரப் பின்தான். ஆனால் குச்சிக் கணக்கைப் போட்டுப் பாருங்கோ. மெல்லிய சூட்டில மணித்தியாலத்துக்கு அரைக் கிலோவில இருந்து ஒரு கிலோ. சூட்டைக் கூட்டினா அதுக்கு மேல. கிழமைக்கு ரெண்டு நாள், நாளுக்கு 10 மணித்தியாலம், 20 கிழமை எண்டா 400 மணித்தியாலம். குறைஞ்சது 200 கிலோ, கூடினா 400 கிலோ. 9 கிலோப் பையில 22 தொடக்கம் 44 பை. அது முழுக்கக் கப்பல்ல வந்து, உங்கட களஞ்ச அறையில மாரிக்குத் தப்பி இருக்க வேணும்.

உப்புவெளி_ஆறறை

இந்தக் கணக்கைப் பாத்த பிறகு மனிசி வேண்டாம் எண்டிட்டா. எனக்கு இன்னும் அந்த நித்திரை விஷயம் தீரேல்லை. கரியடுப்பை ஆர் இரவு முழுக்கப் பாக்கிறது?

மூதூர்_போறணை

தம்பி, நான் மூதூர். 30 வருஷம் விறகுப் போறணையில பாண் போட்டவன், எங்கட வாப்பாவும் அதே தொழில்தான். செரமிக் அடுப்பை மகன்ட வீட்டில, கட்டார்ல வச்சு நாலு மாசம் பாவிச்சுப் பார்த்தன். அது நமக்குத் தெரிஞ்ச சாமான்தான் என்டு முதல் நாளே விளங்கிட்டு.

பாண் போறணையை எப்பிடிச் சூடாக்கிறம்? விறகை உள்ளுக்க எரிச்சு, கல்லும் களியும் சூட்டைக் குடிச்ச பிறகு தணலை ஒதுக்கிப்போட்டு மாவை வைக்கிறம். வேக வைக்கிறது நெருப்பில்ல, சுவர். செரமிக்கும் அப்பிடித்தான். அங்குலக் கணக்கில தடிச்ச சுவர் சூட்டைக் குடிச்சு வச்சிட்டு எல்லாப் பக்கத்தாலயும் மெதுவாத் திருப்பித் தரும். தகட்டு அடுப்பில காத்து அடிச்சா சூடு போயிடும், மூடியைத் திறந்தா போயிடும். செரமிக்கில மூடியைத் திறந்து மூடினாலும் கொஞ்ச நேரத்தில பழைய இடத்துக்கு வந்திடும்.

இந்த முட்டை வடிவ அடுப்பைக் கமாடோ என்டும் சொல்லுவாங்க. கமாடோ என்டா ஜப்பான் பாஷையில அடுப்பு. அங்க சோறு அவிக்கிற களிமண் அடுப்பைத்தான் ரெண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்கப் பட்டாளக்காரங்க ஊருக்குக் கொண்டு போனாங்க. 1974ல அட்லாண்டாவில பிக் கிறீன் எக் கொம்பனி தொடங்கி வித்தாங்க. களிமண் வெடிச்சுப் போற என்டுதான் பிறகு செரமிக்குக்கு மாறினாங்க.

காவல் இருக்கிற கதைக்கு வாறன். இந்த அடுப்பில நெருப்பைப் பிடிக்கிறது காத்து. கீழ ஒரு கதவு, பெரிய மூடிட உச்சியில காத்துப் போக ஒரு சின்ன மேல் மூடி. ரெண்டையும் விரல் தடிப்புக்கு மட்டும் திறந்து வச்சா கரி மூச்சை அடக்கிக்கிட்டு எரியும். ஒரு நிரப்புக் கரியில 12 மணித்தியாலத்துக்கு மேல 110 பாகையில நிக்கிறதைக் கண்ணால பார்த்தன். ஃபான் இல்ல, மோட்டர் இல்ல. ஒன்டை மட்டும் மறக்க வேணாம். சூட்டை மேல போக விட்டுப்போட்டு இறக்கப் பார்க்காதீங்க. சுவர் குடிச்ச சூடு இறங்க ஒரு மணி, ரெண்டு மணித்தியாலம் எடுக்கும். 110 வேணும் என்டா 90லயே கதவைச் சுருக்கத் தொடங்குங்க, அது மெல்ல ஏறி வந்து நிக்கட்டும்.

மற்றது, நீங்க ஏன் இரவில வைக்கிறீங்க? நாலரைக்கு எழும்புற ஆள். நாலுக்கு நெருப்பை மூட்டுங்க. அஞ்சுக்கு அடுப்பு நிலைக்கு வந்ததும் வீட்டில இறைச்சியை வைக்கட்டும். நாலு கிலோ நெஞ்சிறைச்சி பின்னேரம் நாலு, அஞ்சுக்கு வந்திடும். சுத்தி வச்சு ஆற விட்டா எட்டு மணிச் சாப்பாட்டுக்குச் சரி. பாண்காரன் இரவு முழுக்க முழிச்சிருக்கிறது விடியச் சனம் பாண் கேட்கிறதாலதான். உங்கட சனம் கேட்கிறது இராச்சாப்பாடு.

உப்புவெளி_ஆறறை

நானா, இதைப் படிச்சிட்டு மனிசிக்கும் வாசிச்சுக் காட்டினன். இவ்வளவு நாளும் மச்சான் செய்யிற நேரத்தையே பிடிச்சுக்கொண்டு யோசிச்சிருக்கிறன். அவர் காலமை வேலைக்குப் போறவர், அதால இரவில வைக்கிறார். எங்களுக்குப் பகல் முழுக்க இருக்கு.

கன்னியா_அடுக்களை

தம்பி, நான் மூண்டு வருஷமாச் செரமிக் அடுப்பில சமைக்கிறன். ஊரை விட்டுப் போன ஒரு வெளிநாட்டுக் குடும்பம் வித்தது. விலை சொல்ல மாட்டன், வாங்கினது அதிர்ஷ்டம். எல்லாரும் அடுப்பைப் பற்றிக் கதைக்கிறீங்கள், கரியைப் பற்றி நான் சொல்லுறன். அதில நான் நல்லாப் பட்டனான்.

இங்க மலிவாக் கிடைக்கிறது சிரட்டைக்கரி. நல்ல கரி, புகை இல்லை, அனல் கூட. நானும் அதையே நிரப்பினன். சிரட்டைக்கரி சின்னச் சின்ன ஓட்டுத் துண்டு, ஒண்டுக்குள்ள ஒண்டு படிஞ்சு அடுக்கடுக்காக் கிடந்திடும். அடித்தட்டின்ர துளையெல்லாம் மூடி, காத்துப் போக வழி இல்லாமல் மூண்டு மணித்தியாலத்தில நெருப்பு மூச்சடங்கிப்போச்சு. உள்ளுக்குள்ள இருந்த ஆட்டுத்தொடை அரைவேக்காடு. இப்ப நான் அடியில முஷ்டி அளவு மரக்கரித் துண்டு அடுக்குறன், அதுக்கு மேல நடுத்தரத் துண்டு, சிரட்டைக்கரி இடையிடையே ஒரு பிடி மட்டும். மீன் சுடுற நாளில சிரட்டைக்கரியைக் கூட்டுவன், அது அரை மணித்தியால வேலைதானே. மாப்போட்டு உருட்டிச் செய்த கரிக்கட்டி வேண்டாம், சாம்பல் குவிஞ்சு அதுவும் காத்தை அடைக்கும்.

பத்த வைக்க மண்ணெண்ணெய் கிட்டவும் கொண்டு போகக்கூடாது. செரமிக் அதைக் குடிச்சிட்டு மாதக்கணக்கா மணக்கும். தும்பும் காய்ஞ்ச பன்னாடையும் போதும்.

புகைக்கு மா, கொய்யா, விளாத்தி. கறுவாத் தடி கிடைச்சா ஒரு துண்டு, கூடினா கைக்கும். வேம்பு போட்டா இறைச்சி கைக்கும். அலரி மரத்தைக் கம்பாக்கூடச் சீவிக் குத்தக்கூடாது, அது நஞ்சு. கண்டல் விறகு ஆராவது கொண்டு வந்தா வாங்காதேங்கோ. அது வெட்டக்கூடாத மரம், இறால் குஞ்சு வளர்ற இடம்.

இப்ப முக்கியமான விஷயம். போன வருஷம் ஒரு நாள் கீழ்க்கதவையும் மேல் மூடியையும் இறுக்கி நெருப்பை அடக்கி வச்சிருந்தன். கோழி எப்பிடி இருக்கு எண்டு பாக்கப் பெரிய மூடியை ஒரே இழுவையில தூக்கினன். உள்ளுக்குள்ள காத்துக்கு ஏங்கிக்கொண்டிருந்த வாயு வெளிக்காத்துப் பட்ட உடன ஒரு சத்தத்தோட பத்தினது. நெருப்பு நாக்கு முகத்துக்கு நேர வந்தது. இமையும் முன் மயிரும் பொசுங்கி, வலக்கை மணிக்கட்டில கொப்பளம். பேத்தி அப்பதான் பின்னால இருந்து ரெண்டடி தள்ளி நிண்டவள். அதை நினைச்சா இப்பவும் கை நடுங்கும். அண்டையில இருந்து முதல்ல மேல் மூடியைத் திறப்பன், பிறகு பெரிய மூடியை ரெண்டு விரல் அளவுக்கு மட்டும் தூக்கிப் பிடிச்சுப் பத்து எண்ணுவன், அதுக்குப் பிறகுதான் முழுக்கத் திறப்பன். விடுதியில வேலை செய்யிற பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் குடுக்காமல் அந்த மூடியைத் தொட விடாதேங்கோ.

சீனக்குடா_வயர்மன்

அக்கா சொன்னதோட இன்னொண்டு. உப்புவெளியில முக்கால்வாசிப் பேர் கிடுகுக் கூரைக்குக் கீழதான் எல்லாம் வச்சிருக்கினம். கிடுகுக்குக் கீழ எந்த நெருப்பும் வேண்டாம், பெலற்றும்தான். நாலு பக்கமும் மூடின கொட்டிலுக்குள்ளயும் வைக்காதேங்கோ. கரிப்புகையில இருக்கிற காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

நிலாவெளி_கச்சான்

கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில கீழ்க்கதவு தென்மேற்குப் பக்கம் பாக்காமல் வையுங்கோ. காத்து நேராப் புகுந்தா விரல் தடிப்புக்குத் திறந்தாலும் பட்டறை மாதிரி ஊதும். செரமிக்குக் கறள் இல்லை எண்டாலும் அதைச் சுத்தியிருக்கிற இரும்புப் பட்டி, கீல், ஸ்பிரிங் எல்லாம் இரும்புதான். மாதத்துக்கு ஒருக்கா எண்ணெய்த் துணியால துடைக்க வேணும்.

உப்புவெளி_ஆறறை

முடிவு எடுத்திட்டம், செரமிக். ஒரு கேள்வி மட்டும். 18 அங்குல வட்டத்தட்டில 20 பேருக்கு எப்பிடிச் சமாளிக்கிறது? பெரியதெண்டா பாரம் கூட, இந்த அளவே 70 கிலோவுக்கு மேல எண்டு போட்டிருக்கு.

கன்னியா_அடுக்களை

பீப்பாயை ஏன் எறியிறீங்கள்? செரமிக்கில பகல் முழுக்க இறைச்சி. நாலு கிலோ நெஞ்சிறைச்சியும் ரெண்டு முழுக்கோழியும் அந்தத் தட்டில தாராளமாக் கிடக்கும். இரவு ஆக்கள் வந்து இருந்த பிறகு பாரை, கணவாய், இறால் எல்லாம் பீப்பாயில, அவையின்ர கண்ணுக்கு முன்னால. 18 அங்குலமே எடுங்கோ.

ஈஸ்ட்ஹாம்_தம்பலகாமம்

மரப்பெட்டி அடிச்சு அனுப்பச் சொல்லுங்கோ. உள்ளுக்குள்ள வாற தணல் கிண்ணம், சூடு தடுக்கிற தட்டு எல்லாத்தையும் வெளியில எடுத்துத் தனித்தனியாச் சுத்த வேணும். செரமிக் கூடுதலா வெடிக்கிறது நெருப்பில இல்லை, இறக்கேக்க விழுந்துதான்.

ஸ்காபரோ_மாமரம்

நல்ல முடிவு தம்பி. நான் என்ர பெலற்றை மாத்த மாட்டன், இங்க எனக்கு அதுதான் சரி. ஆனால் உங்கட இடத்தில இருந்தா நானும் செரமிக்தான் எடுத்திருப்பன். மச்சானிட்ட ரெண்டு கால் உள்ள நல்ல இறைச்சி வெப்பமானி ஒண்டும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கோ. ஒண்டு இறைச்சிக்குள்ள, மற்றது தட்டுக்குப் பக்கத்தில. மூடியில பூட்டி வாற வட்ட மீற்றர் கூரைச் சூட்டைத்தான் காட்டும்.

உப்புவெளி_ஆறறை

மூண்டரை மாதம் கழிச்சு எழுதுறன். அடுப்பு வந்து சேர்ந்திட்டு, ஒரு கீறல் இல்லை. பக்கத்து வளவுப் பெடியள் நாலு பேர் சேர்ந்து இறக்கிச் சீமெந்துத் தளத்தில வச்சம், கிடுகுக் கொட்டிலில இருந்து ஆறு மீற்றர் தள்ளி.

முதல் முறை கோழி வச்சன். நானா சொன்னதை மறந்து 110 காட்டின பிறகுதான் கதவைச் சுருக்கினன். 165 வரைக்கும் போட்டுது, இறங்க ஒண்டே முக்கால் மணித்தியாலம். கோழி பிழைக்கேல்லை, 74 பாகை உள்சூட்டில எடுத்தம். தோல் மட்டும் கொஞ்சம் கருகினது.

போன சனிக்கிழமை கிண்ணியாவில இருந்து எடுத்த மாட்டு நெஞ்சிறைச்சி, நாலு கிலோவும் கொஞ்சமும். முதல் நாளே உப்பும் மிளகும் கொஞ்சம் கொத்தமல்லியும் இடிச்சுப் பூசி வச்சம். நாலு மணிக்கு நெருப்பு. 90ல கீழ்க்கதவைச் சுருக்கினன், 100ல மேல் மூடியை ஒரு நூல் அளவுக்கு விட்டன். முதல்ல வெள்ளையாக் கொழுத்த புகை வந்தது. அது அடங்கி, கண்ணுக்குத் தெரியிறதும் தெரியாததுமா ஒரு நீலப் புகை ஆகும்வரைக்கும் மனிசி இறைச்சியை வைக்கேல்லை. அஞ்சேகாலுக்கு வச்சவ. நான் மீனோட ஏழரைக்குத் திரும்பி வந்து முதல்ல பாத்தது வெப்பமானியைத்தான், 112. மத்தியானம் 68ல வந்து நிண்டது. ரெண்டே முக்கால் மணித்தியாலம் அசையேல்லை, நாங்களும் மூடியைத் தொடேல்லை. பிறகு வாழையிலையைத் தணலில வாட்டி ரெண்டு சுத்துச் சுத்தித் திரும்ப வச்சம். அஞ்சு மணிக்கு 94. கம்பியைக் குத்தினா வெண்ணெய்க்குள்ள போன மாதிரிப் போச்சு. வெட்டேக்க வெளிப்பக்கம் கறுப்பு, அதுக்கு உள்ளால ஒரு விரல் அகலத்துக்கு ரோசாச் சிவப்பு, நடுவில நார் நாராப் பிரியுது. எட்டரைக்கு ஒரு துண்டும் மிஞ்சேல்லை. அடுத்த நாள் காலமை அடுப்பைத் திறந்தா கரியில மூண்டில ஒரு பங்கு எரியாமல் அப்பிடியே கிடக்கு.

நானா, அக்கா, உங்கள் ரெண்டு பேரையும் குடும்பத்தோட ஒரு நாள் சாப்பிட வரச்சொல்லி மனிசி கேக்கிறா. இன்னும் ரெண்டு சந்தேகம் இருக்கு. மூடி விளிம்பில ஒட்டியிருக்கிற பட்டித்துணி ஒரு இடத்தில கறுத்துத் தேய்ஞ்சிருக்கு, மாத்த வேணுமோ? மழை தொடங்கினா அடுப்பை என்ன செய்யிறது?

கன்னியா_அடுக்களை

கறுத்தாப் பரவாயில்லை. மூடின பிறகு அந்த இடத்தால புகை கசியுதோ எண்டு பாருங்கோ, கசிஞ்சா மட்டும் மாத்துங்கோ. மாரிக்கு முதல் சாம்பல் எல்லாம் அள்ளி எடுங்கோ, சாம்பலில ஈரம் ஊறினா கட்டியாகிக் கீழ்க்கதவை இறுக்கிப்போடும். மழை விட்டு வெயில் அடிக்கிற நாளில ஒருக்காத் திறந்து காய விடுங்கோ, இல்லாட்டி உள்ளுக்குள்ள பூஞ்சணம் பிடிக்கும். பிடிச்சாலும் பயப்பட வேண்டாம், தட்டை வெளியில எடுத்துக் கழுவிப்போட்டு, வெறும் அடுப்பை ஒரு மணித்தியாலம் நல்லா எரிய விட்டாச் சரி. மழைக்காலத்துக்குப் பிறகு முதல் நெருப்பை மட்டும் சின்னதா மூட்டி மெதுவா ஏத்துங்கோ, ஈரம் குடிச்ச செரமிக்கைச் சடாரெண்டு சூடாக்கினா வெடிக்கும்.

எங்கட வளவில போன காத்துக்கு முறிஞ்ச கொய்யாக் கொப்பு வெட்டி அடுக்கிக் கிடக்கு, நல்லாக் காய்ஞ்சிட்டுது. கன்னியாப் பக்கம் வந்தா ஒரு சாக்கு எடுத்துக்கொண்டு வாங்கோ.